ராத்தங்காத காசு

“ஹலோ… ஹலோ… ரொதிகாதானே? வெச்சிராதீங்க, வெச்சிராதீங்க. நான்தான், ஸ்மரண்டா. உங்க தம்பி ஒவிதியுவுக்குக் காசு வகுப்பு எடுக்கற டீச்சர்… ஆமா, மறுவாழ்வு மையத்துல இருந்துதான்… தெரியும்மா. வீட்ல சாவை வெச்சுக்கிட்டு இருக்கிறப்ப போன் பண்றது மரியாதை இல்ல, தெரியும். ரெண்டே நிமிஷம்… சரி, ஒரு நிமிஷம்… அம்மாவுக்காக ரொம்ப வருத்தம். கடவுள் அவங்களை மன்னிச்சு ஏத்துக்கட்டும்… ம்… ஆமா… ஆமா, வந்துட்டான். இங்கதான் வந்து உக்காந்திருக்கான்.”

அறைக்கு வெளியே பெஞ்சில் ஒவிதியு கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்திருந்தான். இரவெல்லாம் அம்மாவின் தலைமாட்டில் மெழுகுவத்தி பிடித்து விழித்திருந்தவன். காலையில் அக்காள் ரொதிகாவும் அவள் புருஷன் ஜெலுவும் சேர்ந்து அவனை வீட்டை விட்டு வெளியே தள்ளிவிட்டார்கள். பால் வண்டியில் தொற்றிக்கொண்டு, மையம் இருக்கும் பொட்டோஷானி நகரத்துக்கே திரும்பி வந்துவிட்டான். அடக்கம் மத்தியானம் ஒரு மணிக்கு. அதற்குள் அவனை அந்த வீட்டு வாசலில் திரும்பக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஸ்மரண்டா போனை எடுத்தது அதற்காகத்தான்.

“என்ன நடந்துச்சுன்னு அவன் சொன்னான்… இல்ல, அழல. அழுதாக்கூடத் தேவலை… உங்க வீட்டுக்காரரு வாயை ஊதச் சொன்னாராமே, அத்தனை பேரு முன்னால?… ஊதினானா இல்லையா?… வாசம் வந்துச்சா?… வரலையில்ல… சரிம்மா, சில சரக்குக்கு வாசம் வராது, எனக்கும் தெரியும். நானும் இவங்களோடதான் மாரடிக்கறேன்… நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்… ம்… ம்… ஆமா, கேஸ் சிலிண்டரை வித்தான். அது தெரியும். வகுப்புல எல்லாரு முன்னாலயும் அவனே சொன்னான்… பன்னியையுமா? கிறிஸ்துமஸுக்கு வளத்த பன்னியையா?… அதைச் சொல்லல. அதை மட்டும் மறைச்சிட்டான் பாவி… சிரிக்கலம்மா. சாவு வீட்டுக்குப் போன் பண்ணிச் சிரிப்பனா. இருமல் வந்துச்சு, அதான்.”

ஸ்மரண்டா முன்பு ஒரு வங்கியில் காசாளராக இருந்தவள். குடியை விட்டவர்களுக்குக் காசைக் கையாளச் சொல்லித் தருவது இப்போது அவள் வேலை. முதல் நாள் பாடம் ரொட்டி விலை. வருஷக்கணக்காகக் குடித்தவனை எழுப்பிக் கேட்டால் பாட்டில் விலையைக் கடை கடையாக ஒப்பிப்பான். ரொட்டி விலை கேட்டால் கூரையைப் பார்ப்பான். குடியை விடுவது பாதி வேலைதான், கூலி நாளன்று நேராக வீட்டுக்கு வருவதுதான் மீதி வேலை என்று அவள் சொல்லுவாள். ஒவிதியு அந்த மீதி வேலையில் ஏழெட்டு மாதமாகப் பிசகாமல் இருந்தான். வகுப்பில் அவனைப்போல் சொன்ன பேச்சு கேட்டவன் யாருமில்லை. அதுதான் இப்போது வினையாக முடிந்திருந்தது.

“ரொதிகா, ஒரு தடவை நான் சொல்றேன், தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. வியாழக்கிழமை அம்மா உயிரு போறதுக்கு முன்னால உங்களைக் கூப்பிட்டாங்க. என் சுங்கக் காசு ஒவிதியுகிட்ட இருக்கு, பாலத்துக்கெல்லாம் அவன்தான் காசு வைக்கணும்னாங்க… ஆமா… கடைசிப் பிள்ளைதானே வைக்கணும் உங்க ஊர்ல… சரி. இன்னிக்குக் காலையில நீங்க துணியெல்லாம் கிழிச்சு மடிச்சு வெச்சிட்டு, எங்கடா காசுன்னு கேட்டீங்க… அவன் பேங்குலன்னான்… ஆமா… ஆமாம்மா, கேக்க அப்படித்தான் இருக்கும். சுங்கக் காசை எவனாவது பேங்குல போடுவானான்னு எனக்கே தோணும். குடிகாரன் புளுகு எட்டு நாளைக்குக்கூடத் தாங்காதே… ஆனா அவன் மேற்கொண்டு சொல்ல வந்தானாம். அதுக்குள்ள ஜெலு சட்டையைப் புடிச்சிட்டாராம்.”

சவ ஊர்வலம் முச்சந்தி தோறும் நிற்கும். தெருவில் ஒரு துண்டுத் துணியை விரித்து அதில் காசு வைப்பார்கள். அதுதான் பாலம். பெட்டி அதைத் தாண்டும்போது செத்தவர் மேலுலக வழியில் ஒரு சுங்கச் சாவடியைத் தாண்டுகிறார். காசு இல்லாத ஆத்துமா சாவடியிலேயே நிற்க வேண்டியதுதான். கோயில் பக்கமே போகாதவர்கள்கூட இந்த விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் செய்யமாட்டார்கள்.

ஒவிதியுவின் அம்மா ஸாஃப்டா முட்டை விற்ற சில்லறையை இதற்கென்றே ஒரு கம்பளிக் காலுறையில் போட்டு வைத்தவள். மாவுப் பானைக்குள் வைப்பாள், கோழிக்கூட்டு வைக்கோலுக்கு அடியில் வைப்பாள், இடம் மாற்றிக்கொண்டே இருப்பாள். திருடன் வெளியே இருந்து வருகிறவன் இல்லையே. எந்த மகனிடமிருந்து அத்தனை வருஷம் ஒளித்தாளோ அதே மகனைக் கூப்பிட்டுத்தான் கடைசியில் அந்தக் காலுறையைக் கொடுத்தாள்.

“இல்ல, நான் அவனுக்கு வக்காலத்து வாங்கல. கேளுங்க. பேங்குலதான் போட்டான். ஏன்னா நான் போடச் சொன்னேன்… இந்தக் காசைன்னு இல்ல, எந்தக் காசா இருந்தாலும். காசு கையில ராத்தங்கக் கூடாது. அது என் வகுப்புல சட்டம். முதல் வருஷம் முழுக்கச் சட்டைப் பையில ஒத்தை நாணயம் இருக்கக் கூடாது. யாராவது கையில திணிச்சா அன்னிக்கே கொண்டுபோய்க் கணக்குல போட்டுறணும்… ஆமா… உங்களுக்கே தெரியுமே, நீங்களும்தான் வந்து கேட்டுட்டுப் போனீங்க. ஒரு லெய்கூட அவன் கையில குடுக்காதீங்கன்னு உங்ககிட்ட நான் படிச்சுப் படிச்சுச் சொல்லல?… ம்… திங்கக்கிழமை அம்மாவைப் பாக்க வந்தான் இல்ல, அப்பக் குடுத்திருக்காங்க. நேரா பஸ் ஏறி, பேங்க் மூடறதுக்குள்ள ஓடியிருக்கான். ஒரு காலுறை நிறையச் சில்லறை. கவுண்டர்ல இருந்த பொண்ணு எண்ண மாட்டேன்னு சண்டை போட்டுச்சாம்.”

“மறுநாள் வகுப்புக்கு வந்து எழுந்து நின்னான், ரொதிகா. என் கையில காசு வந்துச்சு டீச்சர், நிறைய வந்துச்சு, ராத்தங்க விடலைன்னான். ராத்தங்க விடலை. அப்படியே சொன்னான். நான் எல்லாரையும் கை தட்டச் சொன்னேன். நானும் தட்டினேன்… ஆமா… யாரு காசுடா, எதுக்குக் குடுத்தாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணல எனக்கு. அம்மா அவன்கிட்ட ரகசியமா வெச்சுக்கச் சொல்லியிருக்காங்க. அவன் அந்த ரகசியத்தையும் காப்பாத்தினான், என் சட்டத்தையும் காப்பாத்தினான். ரெண்டையும் காப்பாத்தி இப்ப நடுத்தெருவுல நிக்கறான்.”

மறுமுனையில் சட்டி மூடிகள் மோதிக்கொண்டன. முற்றத்தில் பலபேர் ஒரே நேரத்தில் பேசுகிற இரைச்சல் கேட்டது. சாவு வீட்டுப் பந்தி தயாராகிக்கொண்டிருந்தது. ஸ்மரண்டா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“என்னது?… எந்தக் கணக்கா? அவனுக்கு ஏதும்மா தனிக் கணக்கு. உங்க கணக்குதான். அவன் பேக்கரிக் கூலி விழற கணக்கு… ஆமா, உங்க பேருல இருக்கிறதுதான். இவனுக்கு நான் பொறுப்புன்னு நீங்கதானே வந்து கையெழுத்துப் போட்டீங்க. கார்டு உங்க கையில. அவனால போட முடியும், எடுக்க முடியாது… பொய்யா? சரி, பொய்யாவே இருக்கட்டும். போன்ல மெசேஜ் வருமில்ல, திங்கக்கிழமை தேதியில பாருங்க… இப்பவே பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்… பரவால்ல, கையைத் துடைச்சிட்டு மெதுவாப் பாருங்க.”

கதவுக் கண்ணாடி வழியாக ஒவிதியு தெரிந்தான். கோட்டுக் கையில் மெழுகு சொட்டி உறைந்திருந்தது. அதை நகத்தால் சுரண்டிச் சுரண்டி உள்ளங்கையில் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தான். தரையில் போட்டால் கூட்டுகிறவளுக்குச் சிரமம் என்று நினைத்தானோ என்னவோ. அவனுக்கு முப்பத்தாறு வயது.

“ஹலோ… ம்… வந்திருக்கா?… எவ்வளவு?… இருநூத்தி நாப்பது. அதேதான். அவனும் அதான் சொன்னான்… பாத்தீங்களா… பாத்தீங்களா ரொதிகா… இல்லம்மா, அது கூலி இல்ல. கூலி வெள்ளிக்கிழமை விழும். திங்கக்கிழமை எந்த மவராசன் கூலி போடுவான்… ஓவர்டைம்னு நினைச்சீங்களா. சரி, நினைச்சது தப்பில்ல. யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க… அப்பாடா. விடுங்க. காசு பத்திரமா இருக்கு, அது போதும். ஜெலுவை ஏடிஎம்முக்கு அனுப்புங்க, கடையில குடுத்துச் சில்லறையா மாத்திக்கலாம். நான் இவனை என் காருல… ஏன்?… ஹலோ… ரொதிகா?… ஏம்மா பேச மாட்டேங்கறீங்க… எடுத்துட்டீங்களா. எப்ப?… நேத்தா. சரி, எடுத்தா எடுத்துட்டுப் போங்க, அதுக்கென்ன. சாவு வீட்ல ஆயிரம் செலவு இருக்கும். உங்க தம்பி காசுதானே, அம்மாவுக்குத்தானே… பெட்டிக்கா?… மெழுகுவத்திக்கா?… பின்ன எதுக்கு?… கேக்கல, சத்தமா இருக்கு அங்க. கொஞ்சம் தள்ளி வந்து சொல்லுங்க… எதுக்கு?…”

“சாராயத்துக்கா.”

ஸ்மரண்டா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அதுவரை நின்றுகொண்டேதான் பேசியிருந்தாள். சாவுப் பந்தியில் ஆளுக்கு ஒரு கிளாஸ் பிளம் சாராயம் ஊற்றாமல் எந்த வீட்டிலும் பெட்டியைத் தூக்குவதில்லை. போனவர் ஆத்துமாவுக்கு என்று முதல் சொட்டைத் தரையில் சிந்திவிட்டுத்தான் குடிப்பார்கள். ரொதிகா செய்ததில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

“எங்க வாங்கினீங்க?… பக்கத்து வீட்லயே. காய்ச்சினதா… ம்… பத்து லிட்டரா… ம்… ஆமா, குறைவாத்தான் குடுத்திருக்காரு. நல்ல மனுஷன்… அந்தக் காசு முழுக்கவா?… ம்.”

“அப்ப அம்மாவோட சுங்கக் காசு சாராயமாத்தான் போயிருக்கு, ரொதிகா. அவன் குடிக்கல, அவ்வளவுதான் வித்தியாசம்.”

“சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க… இல்ல, மன்னிச்சுக்குங்க, வாய் தவறிடுச்சு… இல்ல, தவறல. வயித்தெரிச்சல்ல வந்துடுச்சு. காலையில உங்க வீட்டுக்காரரு ரெண்டு கிளாஸ் போட்டுட்டுத்தானே அவன் வாயை மோந்து பாத்தாராம். எந்தச் சாராயம் அது? அவன் ஓடி ஓடிக் காப்பாத்தின காசும்மா அது. அவன் மூஞ்சில அந்த வாசத்தையே ஊதிட்டு, நீ குடிச்சியாடான்னு… சரி. நிறுத்திட்டேன். நிறுத்திட்டேன்.”

அந்தப் பக்கத்து இரைச்சல் குறைந்தது. ரொதிகா கோழிக்கூட்டுப் பக்கமோ கிணற்றடிப் பக்கமோ நகர்ந்து போயிருக்க வேண்டும். பிறகு வந்தது அழுகை. ஸ்மரண்டாவுக்கும் கண் நிறைந்துவிட்டது. இந்த வேலைக்கு வந்த பிறகு அவள் எத்தனையோ அக்காள்களிடம், எத்தனையோ பெண்டாட்டிகளிடம் பேசியிருக்கிறாள். நம்பி நம்பி மோசம் போனவர்கள் அவர்கள். கடைசியில் நம்பாமல் மோசம் போகிறவர்களும் அவர்கள்தான்.

“அழாதே… அழு, அழு. அம்மாவுக்கும் சேத்து அழுதுரு… இந்தா பாரு ரொதிகா, உன்மேல தப்பு இல்ல. கேளு நான் சொல்றதை. சிலிண்டரை வித்தவன், பன்னியை வித்தவன், அவன் பேங்குன்னா நீ எப்படி நம்புவே? நானா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்… ஆமா… அது தெரியும்… யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஜெலுகிட்ட நீ சொல்லு, நான் எதுக்குச் சொல்றேன்… என்னது?… கொட்டறியா? எதுக்கு? வேண்டாம், கொட்டாதே. ஊரு சனம் வந்திருக்கு, வெறும் கிளாஸை வெச்சா நாளைக்கு உன்னையும் பேசும், அம்மாவையும் பேசும். ஊத்து. ஆனா அவன் வர்றப்ப முற்றத்துல பாட்டில் கண்ணுல பட வேண்டாம். அவன் கையில எவனாவது கிளாஸைக் குடுத்து, ஆத்தாளுக்காக ஒரு வாய்டான்னு ஆரம்பிப்பான். அவனுக்குப் பழரசம் ஊத்தி நீயே குடு. நீதான் குடுக்கணும்.”

“வரலாம்தானே அவன்?… வாயைத் திறந்து சொல்லு… சரி. சரிம்மா… அரை மணி நேரம். என் காரு பழசு, மேட்டுல முக்கும், இருந்தாலும் வந்துரும். பாதிரியார் வந்துட்டாரா?… வந்தா உக்கார வெச்சு ஏதாவது குடு. பெட்டியை மூட விடாதே. அவன் முகம் பாக்கணும்… ராத்திரி பாத்தா என்ன, கடைசியா பாக்கற மாதிரி ஆகுமா… ஆமா.”

“சில்லறைக்கு என்ன பண்ணப் போறே?… முற்றத்துல நிக்கறவங்க பையிலயா?… கேளு, வெக்கமே படாதே, கேளு. எல்லாரும் குடுப்பாங்க. அம்மா ஊருக்கே முட்டை குடுத்தவங்கதானே… காலுறையா? காலுறை இவன்கிட்ட இருக்கும்… ஆனா ஒண்ணு ரொதிகா. இது மட்டும் எனக்கு நீ வாக்குக் குடுக்கணும். காசு ஜெலு கையில இருக்கக் கூடாது. உன் கையிலயும் வேண்டாம். ஊரு பாக்க அவன் கையில குடு. மொத்தமாக் குடு… ஆமா, நான்தான் சொல்றேன். குடுக்காதேன்னு சொன்னதும் நான்தான், குடுன்னு சொல்றதும் நான்தான். அம்மா சொன்னபடி அவனே ஒவ்வொரு பாலத்துலயும் வைக்கட்டும்… சரியா?… சரி… நல்லா இரு.”

ஸ்மரண்டா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கார்ச் சாவியைத் தேடினாள். கதவு திறந்திருந்தது. ஒவிதியு நிலைப்படியில் வந்து நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருப்பான் போலிருந்தது.

“ஒரு நிமிஷம் ரொதிகா, வெக்காதே… டேய், கிளம்பு. முகத்தைக் கழுவிக்கோ. போறோம். அக்கா வரச் சொல்லிட்டா. காசெல்லாம் அங்க சேத்து வைக்கறா, உன் கையிலதான் குடுப்பா… என்ன?… ஏன் வேண்டாம்?… வருஷம் முடியலையா. டேய், அந்தச் சட்டம் போட்டது யாரு? நான்தானே. இன்னிக்கு ஒரு நாளைக்கு நானே எடுத்துட்டேன். வா… ஒவிதியு, இது கூலிக் காசு இல்லப்பா. உங்க அம்மா உன்னை நம்பிக் குடுத்தது. சாகறப்ப அவங்க வாயில இருந்து வந்தது உன் பேருதான். அதைவிட என்னடா வேணும் உனக்கு… ம்… சொல்லு… ம்…”

அவன் மெதுவாகப் பேசினான். நாலைந்து வாக்கியம்தான். பேசும்போது ஸ்மரண்டாவைப் பார்க்கவில்லை, அவள் தோளில் இருந்த போனைப் பார்த்தான். பேசி முடித்துவிட்டு, கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டான். ஸ்மரண்டா போனை மறுபடி காதுக்குக் கொண்டுபோனாள்.

“ஹலோ… இருக்கேன்… இருக்கேன் ரொதிகா… வர்றான். இல்ல, வர்றான், வர்றான். அதுல ஒண்ணுமில்ல… காசு வேண்டாம்ங்கறான். துணியை அவன் விரிக்கறானாம், காசை நீ வைக்கணுமாம்… கோவமா? கோவம் இல்லம்மா. கோவம் இருந்தா நான் சமாதானம் பண்ணியிருப்பேன்… எப்படிச் சொல்றது… அன்னிக்கு அம்மா காலுறையைக் குடுத்தாங்க இல்ல. குடுத்தாங்களாம். ஆனா இந்தப் பக்கம் இவன் புடிச்சதுக்கு அப்புறமும், அவங்க மறு முனையை விடலையாம். ரொம்ப நேரம் விடலையாம். இவன்தான் மெதுவா விரலை எடுத்துவிட்டானாம்… ம்… அதனால… தன் கையில காசைப் பாத்தா அம்மா வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போவாங்களாம். உன் கையில இருந்தா நேராப் போயிருவாங்களாம்… அதான் சொல்றான்… ஹலோ… ரொதிகா… ஹலோ…”